அக்கானியில் ஒரு சிட்டிகை சாக்கரின்: இனிப்பு எங்கிருந்து வருகிறது, கசப்பு எங்கிருந்து வருகிறது

வெயில் ஏறத் தொடங்கியதும் நாகர்கோவிலிலிருந்து தோவாளை போகும் சாலையிலும், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துச் சாலையோரங்களிலும் அக்கானிப் பானைகள் வந்துவிடும். மற்ற மாவட்டங்களில் பதநீர் என்பதைத்தான் குமரி மாவட்டத்தில் அக்கானி என்கிறார்கள். பானையோடு ஒரு சந்தேகமும் கூடவே வரும்: இது மரத்திலிருந்து இறக்கிய அக்கானிதானா, இல்லை தண்ணீர் ஊற்றிச் சாக்கரின் போட்டதா?

இப்படிக் கேட்பவர்களில் பலர் வீட்டுக்குப் போனதும் மருந்துக்கடையில் வாங்கிய குட்டி மாத்திரையைக் காப்பியில் போட்டுக் குடிக்கிறார்கள். சீனிக்குப் பதிலாக மருத்துவரே சொன்ன மாத்திரை அது. அக்கானியில் போட்டால் விஷம், காப்பியில் போட்டால் மருந்து என்று ஒரே வகைப் பொருளைப் பற்றி இரண்டு எண்ணம் ஊரில் உலவுகிறது. இடையில் 2023ல் 'செயற்கை இனிப்பால் புற்றுநோய்' என்ற செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. இந்தப் பொருள்கள் எப்படி இனிக்கின்றன, ஏன் கடைசியில் கசக்கின்றன என்று அடிப்படையிலிருந்து பார்த்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பிரிந்து தெரியும்.

முதலில் நான்கு சொற்கள்

1. சீனி: வெள்ளைச் சீனியின் வேதியியல் பெயர் சுக்ரோஸ். குமரி மாவட்டத்தில் 'சர்க்கரை' என்றால் பல வீடுகளில் வெல்லத்தைக் குறிக்கும் என்பதால், இங்கே சீனி என்றே சொல்கிறேன். அக்கானியின் இனிப்பும் பெரும்பாலும் இதே சுக்ரோஸ்தான்.

2. செறிவு இனிப்பூட்டி: சீனியைவிடப் பல மடங்கு இனிப்பதால் மிகக் கொஞ்சமாகப் போட்டாலே போதும் என்கிற பொருள். அவ்வளவு குறைவாகச் சேர்ப்பதால் அதிலிருந்து கிடைக்கும் கலோரியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

3. செயற்கை, இயற்கை: செறிவு இனிப்பூட்டி என்றாலே செயற்கை என்று அர்த்தமில்லை. தொண்டைக்கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தில் கிளிசிரைசின் என்ற பொருள் இருக்கிறது, அது சீனியைவிட ஏறக்குறைய 50 மடங்கு இனிக்கும். சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கும் ஸ்டீவியாவும் செடியில் இருந்து வருவதுதான். சாக்கரின், அஸ்பார்ட்டேம், சுக்ரலோஸ் ஆகியவை தொழிற்சாலையில் செய்யப்படுபவை.

4. அன்றாட ஏற்பளவு: ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் தீங்கு வராது என்று நிபுணர் குழுக்கள் வகுத்த அளவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள்.

தாரிலிருந்து வந்த இனிப்பு

சாக்கரின்தான் இந்தக் கூட்டத்தில் மூத்தது. 1879ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் வேலை பார்த்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் இதைக் கண்டார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை வைத்துத்தான் அங்கே ஆய்வு நடந்தது. ஒரு நாள் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்த ஃபால்பெர்க்குக்கு ரொட்டி இனித்தது. கையில் ஒட்டியிருந்தது என்ன என்று ஆய்வகத்தில் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தார். இருவர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பிறகு காப்புரிமையை மட்டும் ஃபால்பெர்க் தனியாக வாங்கிக்கொண்டார், ரெம்சனுக்கு அந்த வருத்தம் தீரவே இல்லை.

பெயரில் ஒரு சுவையான விஷயம் உண்டு. வடமொழியின் 'சர்கரா' மேற்கே போய்க் கிரேக்கத்திலும் லத்தீனிலும் உருமாறி, அங்கிருந்து 'சாக்கரின்' ஆனது. நம் சர்க்கரையும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். சொல்லில் இருவரும் உறவு, பொருளில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சீனி மூலக்கூறு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்தது, சுற்றிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கிளைகள் எட்டு. சாக்கரினோ பென்சீன் வளையம் ஒன்று, அதோடு ஒட்டிய ஐந்து மூலை வளையம் ஒன்று, அந்த வளையத்துக்குள் ஒரு கந்தக அணு, ஒரு நைட்ரஜன் அணு. பார்த்தால் இது இனிக்கும் என்று எந்த வேதியியலாளரும் சொல்லியிருக்க முடியாது.

அந்த நைட்ரஜனில் இருக்கும் ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். அதாவது சாக்கரின் ஓர் அமிலம். அமிலமாக இருக்கும்போது தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் சோடியம் உப்பாக மாற்றி விற்கிறார்கள், அது மளமளவென்று கரையும். உடலுக்குள் போனபின் சாக்கரின் எதுவாகவும் உடைவதில்லை, சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். கலோரி தராததற்குக் காரணம் இதுதான். அடுப்புச் சூட்டையும் தாங்கும்.

நாக்கில் ஒரே ஒரு வாசல்

சீனிக்கும் சாக்கரினுக்கும் உருவத்தில் ஒற்றுமையே இல்லை என்றால் இரண்டும் எப்படி ஒரே மாதிரி இனிக்கின்றன? நூறு ஆண்டுக்கும் மேலாக இதற்குத் தெளிவான விடை இல்லை. 2001ல்தான் இனிப்பை உணரும் ஏற்பி தெளிவானது. நாக்கின் சுவைமொட்டுகளில் இருக்கும் சில செல்களின் மேற்பரப்பில் டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கின்றன. மனித நாக்குக்கு இனிப்பு என்பது பெரும்பாலும் இந்த ஒரு ஜோடி வழியாகத்தான்.

ஒவ்வொரு புரதத்தின் தலைப்பகுதியும் கடற்கரையில் கிடைக்கும் சிப்பி மாதிரி இரண்டு மூடி கொண்டது. பொருத்தமான மூலக்கூறு உள்ளே வந்தால் சிப்பி மூடிக்கொள்ளும். மூடியதும் புரதத்தின் அடிப்பகுதி அசைந்து, செல்லுக்குள் ஒரு செய்தி ஓடுகிறது. கால்சியம் அளவு உயர்கிறது, செல் ஒரு வேதிப்பொருளை வெளிவிடுகிறது, அடுத்துள்ள நரம்பு அதைப் பிடித்து மூளைக்கு அனுப்புகிறது. மூளை 'இனிப்பு' என்கிறது. உள்ளே வந்தது சீனியா, சாக்கரினா என்று நரம்புக்குத் தெரியாது. சிப்பி மூடியதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

சீனி இந்தச் சிப்பியில் தளர்வாகத்தான் உட்காரும், வந்த வேகத்தில் வெளியேறும். அதனால் ஒரு லிட்டர் தண்ணீரில் கிராம் கணக்கில் கரைத்தால்தான் நாக்கு உணரும். சாக்கரின் டி1ஆர்2 தலைப்பகுதியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் மூலக்கூறுகளே நிறையச் சிப்பிகளை மூடிவிடும். 'பல மடங்கு இனிப்பு' என்பதன் அடிப்படை இந்தப் பிடிமானம்தான்.

இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன என்பதை நம் மண்ணில் வளரும் ஒரு கொடியே காட்டித் தரும். சிறுகுறிஞ்சான் இலையை மென்று துப்பிவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்ற மாதிரி இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்று அதற்கு இன்னொரு பெயர் வந்ததே இதனால்தான். அந்த இலையின் ஜிம்னீமிக் அமிலங்கள் டி1ஆர்3 புரதத்தின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு ஏற்பியை அசையவிடாமல் செய்கின்றன. அந்த நேரத்தில் சாக்கரினை வைத்தாலும் இனிக்காது, அஸ்பார்ட்டேமை வைத்தாலும் இனிக்காது. உப்பும் புளிப்பும் மட்டும் வழக்கம்போலத் தெரியும். வாசல் ஒன்று, அதைப் பூட்டினால் யாரும் நுழைய முடியாது.

இந்த வாசல் எல்லா உயிருக்கும் ஒன்று போல இல்லை. பூனைக்கு டி1ஆர்2 செய்யும் மரபணு சிதைந்துபோனது, அதனால் பூனைக்குச் சீனியே இனிக்காது. பூச்சிகளின் சுவை ஏற்பிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. தேனீக்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ், சாக்கரின் தேனீக்களுக்கு இனிப்பதில்லை என்று காட்டினார். மார்த்தாண்டம் பக்கத்தில் பூ இல்லாத காலத்தில் தேன்கூட்டுக்குச் சீனிப்பாகு வைப்பார்கள். அந்த இடத்தில் சாக்கரின் தண்ணீரை வைத்தால் தேனீக்குச் சுவையும் இல்லை, சாப்பாடும் இல்லை. கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டாலும் சாக்கரினைத் தின்ன முடியாது.

'300 மடங்கு' என்ற எண்ணை எப்படிப் படிப்பது

சாக்கரின் சீனியைவிட 300 மடங்கு இனிப்பு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும், சில இடங்களில் 400 என்றும் இருக்கும். பெரும்பாலான குழப்பம் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

முதல் விஷயம், இது எடைக்கு எடை ஒப்பீடு. சீனி மூலக்கூறின் எடை 342, சாக்கரினுடையது 183. மூலக்கூறுக்கு மூலக்கூறு என்று பார்த்தால் 300 மடங்கு என்பது ஏறக்குறைய 160 மடங்காகக் குறைந்துவிடும்.

இரண்டாவது, சாக்கரினை வாயில் போட்டால் 300 மடங்கு தித்திப்பு மண்டையைப் பிளக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே அளவு இனிப்பு வர எத்தனை கிராம் வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 30 கிராம் சீனி செய்வதை 0.1 கிராம் சாக்கரின் செய்துவிடும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த எண் எல்லாச் செறிவிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சீனியைக் கூட்டக் கூட்ட இனிப்பு ஏறிக்கொண்டே போகும், பாகு வரைக்கும் ஏறும். சாக்கரினைக் கூட்டினால் ஓர் எல்லை வரை ஏறி நின்றுவிடும். தோராயமாக 10 சதவீதச் சீனிக் கரைசலின் இனிப்புதான் அதன் உச்சி. அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் இனிப்பு கூடாது, கசப்புதான் கூடும். இன்னும் மிகையானால் சாக்கரினே ஏற்பியின் வேறொரு இடத்தில் ஒட்டி அதை அமுக்கத் தொடங்கிவிடும். அந்த நிலையில் வாயைத் தண்ணீரால் கொப்புளித்தால், அமுக்கியது கழுவிப் போய், சட்டென்று இனிப்பு எழும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, ஏறக்குறைய அப்படி ஓர் அனுபவம், மூலக்கூறுகள்தான் வேறு.

இந்த உச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கானிக் கணக்கில் இது திரும்ப வரும்.

பின்கசப்பு: சிலருக்கு மட்டும் ஏன்?

ஒரே பானையிலிருந்து இரண்டு பேர் குடிக்கிறார்கள். ஒருவர் 'நல்லா இருக்கு' என்கிறார். மற்றவர் 'தொண்டையில ஒரு கசப்பு நிக்குதே' என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

கசப்புக்கு நாக்கில் இனிப்பைப் போல ஒரே வாசல் கிடையாது. மனிதருக்கு ஏறக்குறைய 25 வகைக் கசப்பு ஏற்பிகள் உண்டு. விஷச் செடிகளை அடையாளம் காண இயற்கை வைத்த காவல் அது, அதனால்தான் இத்தனை வகை. சாக்கரின் இனிப்பு வாசலைத் திறப்பதோடு நிற்காமல் டிஏஎஸ்2ஆர்31, டிஏஎஸ்2ஆர்43 என்ற இரண்டு கசப்பு ஏற்பிகளையும் தட்டிவிடுகிறது. கொஞ்சமாக இருக்கும்போது இனிப்பு முந்திக்கொள்ளும். செறிவு கூடும்போது கசப்பு ஏற்பிகள் விழித்துக்கொள்ளும். இனிப்பு அடங்கியபின் கசப்பு தனியாகத் தெரியும், உலோகத்தை நக்கிய மாதிரி ஒரு சுவையும் சேரும்.

இந்த இரண்டு ஏற்பிகளின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். சாக்கரினைக் கூர்மையாக உணரும் வடிவம் சிலருக்கு, மந்தமான வடிவம் சிலருக்கு. ஆகவே 'எனக்குக் கசக்கவில்லை, அதனால் இது சுத்தமான அக்கானி' என்று நாக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கசப்பை மறைக்கத் தொழிற்சாலைகள் கண்டுபிடித்த வழி, கலப்பது. 1937ல் அமெரிக்காவில் மைக்கேல் ஸ்வேடா கண்டறிந்த சைக்ளமேட் சீனியைவிட 30 முதல் 50 மடங்குதான் இனிக்கும். ஆனால் பத்துப் பங்கு சைக்ளமேட்டோடு ஒரு பங்கு சாக்கரின் சேர்த்தால் கசப்பு வெகுவாகத் தணிந்தது. சாக்கரின் தட்டும் கசப்பு ஏற்பிகளைச் சைக்ளமேட் அடைக்கிறது என்று பின்னாளில் தெரிந்தது. சைக்ளமேட்டை அமெரிக்கா 1969ல் தடை செய்துவிட்டது. இன்று டயட் குளிர்பானங்களில் பொதுவாக அஸ்பார்ட்டேமும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் சேர்ந்து இருப்பதும் இதே தந்திரம்தான். ஒன்று சட்டென்று இனிக்கும், மற்றது மெதுவாக வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்தால் சீனியின் ஏற்ற இறக்கத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

அக்கானிக் கணக்கு

பனையின் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, அதில் சொட்டுவதுதான் அக்கானி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் சீனியைத் தின்று கள்ளாக்கிவிடும். நல்ல அக்கானியில் சுக்ரோஸ் பொதுவாக 10 முதல் 13 சதவீதம், மரத்தையும் பருவத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். லிட்டருக்கு 120 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம்.

1. ஒரு லிட்டர் அக்கானியில் ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால், இப்போது லிட்டருக்கு 60 கிராம் சீனிதான்.

2. குறைந்துபோன 60 கிராமின் இனிப்பை ஈடுகட்ட, 300 மடங்கு என்ற கணக்கில் 0.2 கிராம் சாக்கரின் போதும். அதாவது 200 மில்லிகிராம். பத்து லிட்டர் பானைக்கு 2 கிராம், ஒரு சிறு கரண்டி கூட வராது. கலப்படம் செய்பவரை இழுப்பது இந்த அற்ப அளவுதான்.

3. 250 மில்லி தம்ளர் ஒன்றில் 50 மில்லிகிராம் சாக்கரின் வரும்.

4. உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழு சாக்கரினுக்கு வகுத்த அன்றாட ஏற்பளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024ல் தன் அளவை 9 ஆக உயர்த்தியது. 5 என்றே கடுமையாக வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம், ஆறு தம்ளர். 20 கிலோ குழந்தைக்கு 100 மில்லிகிராம், இரண்டே தம்ளர்.

பெரியவர் ஒருவர் ஒரு தம்ளர் குடித்துவிட்டால் பதற ஒன்றுமில்லை. குழந்தைக்குக் கணக்கு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. அதுவும் சீராக அளந்து போட்டால்தான் இந்தக் கணக்கு. சாலையோரத்தில் தராசு வைத்துப் போடுவதில்லை, கைப்பிடிக்கு வந்ததைப் போடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன உச்சி இங்கே வேலை செய்கிறது. வெறும் தண்ணீரில் சாக்கரினை மட்டும் போட்டு அக்கானியின் 12 சதவீத இனிப்பை எட்டவே முடியாது, அதற்கு முன்பே கசப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நாக்கை ஏமாற்ற வேண்டுமென்றால் பானையில் ஓரளவு உண்மையான அக்கானி இருந்தே ஆக வேண்டும்.

என் பார்வையில் இங்கே பெரிய ஆபத்து சாக்கரின் மூலக்கூறு இல்லை, அதோடு வந்த தண்ணீர். எந்தக் கிணறு, எந்தக் குழாய், எந்தக் குடம் என்று தெரியாத தண்ணீர் பாதிப் பானையை நிரப்பியிருக்கிறது. வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் அந்த வழியாக வரும். சாக்கரின் அந்தத் தண்ணீரை மறைக்கும் திரை. அடுத்தபடியாக நஷ்டப்படுபவர் பனையேறி. உயிரைப் பணயம் வைத்துத் தினமும் மரம் ஏறி இறக்கிய பொருளோடு, இரண்டு கிராம் தூள் போட்டி போடுகிறது.

எலி, சிறுநீர்ப்பை, தடை: பழைய பயத்தின் கதை

சாக்கரின் புற்றுநோய் தரும் என்ற பேச்சு 1970களில் பரவியது. தீனியில் ஐந்து சதவீதத்துக்கும் மேலாகச் சோடியம் சாக்கரின் கலந்து கொடுத்தபோது ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. 1977ல் கனடா தடை விதித்தது. அமெரிக்காவும் தடை செய்யப் பார்த்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு வேறு வழியில்லை என்று எதிர்ப்புக் கிளம்பியதால் நாடாளுமன்றம் தடையை நிறுத்தி, பொட்டலத்தின் மேல் எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னது.

பிறகு காரணம் தெளிந்தது. எலியின் சிறுநீரில் புரதமும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதிகம். அத்தனை சாக்கரின் சேரும்போது அதில் நுண்ணிய படிகங்கள் உருவாகிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரை உரசிப் புண்ணாக்குகின்றன. புண் ஆற ஆறச் செல்கள் பெருகிக் கட்டியாகிறது. மனிதரின் சிறுநீரில் அந்த நிலை உருவாவதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999ல் சாக்கரினை 'மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்த இயலாதது' என்ற 3ஆம் பிரிவுக்கு இறக்கியது. அமெரிக்கா 2000ல் எச்சரிக்கை வாசகத்தை நீக்கியது.

2023 செய்தி வேறு பொருளைப் பற்றியது. அந்த ஆண்டு ஜூலையில் அதே முகமை அஸ்பார்ட்டேமை '2பி' பிரிவில், 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற வரிசையில் வைத்தது. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது, எவ்வளவு சாப்பிட்டால் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. அதே நாளில் நிபுணர் குழு பழைய அளவான கிலோவுக்கு 40 மில்லிகிராமை மாற்றாமல் வைத்தது. 70 கிலோ எடையுள்ளவர் வேறு எதிலும் அஸ்பார்ட்டேம் சேர்க்காமல் ஒரு நாளில் 9 முதல் 14 டின் டயட் பானம் குடித்தால்தான் அந்த அளவைத் தாண்டுவார் என்று விளக்கமும் தந்தார்கள். வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும் சுற்றியது.

அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன இன்னொன்றுதான் அன்றாட வாழ்க்கைக்கு அதிகம் பொருந்தும்: உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம், நீண்ட காலத்தில் கொழுப்பு குறைந்ததற்குச் சான்றில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. அவர்கள் மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டுச் சீனிக்குத் திரும்ப அது ஒரு காரணம் ஆகாது.

அஸ்பார்ட்டேம் ஒரு சாராருக்கு மட்டும் நிச்சயமாக ஆகாது. பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற குறைபாடு உள்ளவர்களால் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கையாள முடியாது. அஸ்பார்ட்டேம் வயிற்றில் உடையும்போது அந்த அமினோ அமிலம் வெளிவரும். அட்டையில் அதற்கான எச்சரிக்கை இருப்பது இதனால்தான்.

அடுப்படியில் சீனி செய்யும் மற்ற வேலைகள்

காப்பியில் மாத்திரை போடலாம். முந்திரிக்கொத்தில் போட முடியுமா? வறுத்த பயறு உருண்டையாகப் பிடிபடுவது பாகினால். கருப்பட்டிப் பாகு ஆறும்போது இறுகி மாவைக் கட்டிப் பிடிக்கும். அரை கிராம் சாக்கரினுக்குக் கட்டிப் பிடிக்க உடம்பு எங்கே இருக்கிறது? கருப்பட்டியின் நிறமும் மணமும் அக்கானி கொதிக்கும்போது சீனியும் அமினோ அமிலங்களும் சேர்ந்து வதங்கி வருவது. இனிப்பூட்டி எதுவும் அந்த மணத்தைத் தராது. கெட்டுப்போகாமல் காப்பதும் சீனியின் வேலைதான். பாகில் சீனி அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் நுண்ணுயிருக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை.

சூட்டிலும் வேறுபாடு உண்டு. அஸ்பார்ட்டேம் கொதியில் உடைந்து இனிப்பை இழக்கும், ஆகவே பாயசம் கொதிக்கும்போது போடுவது வீண், இறக்கி ஆறியபின் போடலாம். சாக்கரினும் சுக்ரலோஸும் கொதியைத் தாங்கும். சுக்ரலோஸ் என்பது சீனி மூலக்கூறின் மூன்று கிளைகளை வெட்டிவிட்டு மூன்று குளோரின் அணுக்களை வைத்தது, சீனியைவிட 600 மடங்கு இனிப்பு. 1976ல் லண்டனில், சஷிகாந்த் ஃபட்னிஸ் என்ற இந்திய ஆய்வாளர், 'சோதித்துப் பார்' என்று சொன்னதை 'சுவைத்துப் பார்' என்று காதில் வாங்கி நாக்கில் வைத்ததால் அதன் இனிப்பு தெரியவந்தது. இப்போது பல மாத்திரைகளில் இருப்பது இதுதான். ஒரு கரண்டி சீனிக்கு ஈடாக எட்டு மில்லிகிராம் போதும், கையில் எடுக்கவே முடியாத அளவு என்பதால் லாக்டோஸ் போன்ற ஒன்றைச் சேர்த்துத்தான் மாத்திரையாக அடிக்கிறார்கள்.

இங்கே கருப்பட்டியைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'கருப்பட்டிக் காப்பி சுகருக்குக் கெடுதல் இல்லை' என்று பல வீடுகளில் பெரியவர்கள் நம்பிக் குடிக்கிறார்கள். அக்கானியைக் காய்ச்சித் தண்ணீரை விரட்டினால் சிரட்டையில் மிஞ்சுவது பெரும்பாலும் சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல், மணம் மிகக் கூடுதல், ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சுத்தமான அக்கானியும் அப்படியே. ஒரு தம்ளரில் 30 கிராம் சீனி, அதாவது 120 கலோரி. சாக்கரின் பயத்தில் 'ஒரிஜினல்' தேடி அலையும் சர்க்கரை நோயாளிக்கு, அந்த ஒரிஜினல்தான் அளவோடு வைக்க வேண்டிய பொருள். இதை மறைத்துச் சொல்வது யாருக்கும் நன்மை செய்யாது.

வாங்கும் இடத்தில் என்ன பார்ப்பது

அடைத்து விற்கும் பொருளென்றால் வேலை எளிது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி செயற்கை இனிப்பூட்டி இருப்பதை அட்டையில் அறிவிக்க வேண்டும். பெயருக்குப் பதில் எண்ணாகவும் இருக்கலாம்: அசிசல்ஃபேம் பொட்டாசியம் 950, அஸ்பார்ட்டேம் 951, சாக்கரின் 954, சுக்ரலோஸ் 955, ஸ்டீவியா 960. 'சீனி சேர்க்கப்படவில்லை' என்று பெரிய எழுத்தில் இருந்தால் சின்ன எழுத்தில் இந்த எண்களைத் தேடுங்கள். பழச்சாறாக இருந்தால் பழத்தின் சொந்தச் சீனி எப்படியும் உள்ளே இருக்கும்.

பானையில் விற்கும் அக்கானிக்கு அட்டை கிடையாது. அதற்குச் சில வழிகள் உண்டு.

1. எடை. சீனி கரைந்த நீர் கனமானது. ஒரு லிட்டர் நல்ல அக்கானி, ஒரு லிட்டர் தண்ணீரைவிட ஏறக்குறைய 45 கிராம் கூடுதலாக இருக்கும். பாதித் தண்ணீர் கலந்தது 20 கிராம் சொச்சம்தான் கூடும். ஒரே பாட்டிலில் இரண்டையும் நிரப்பிச் சமையலறைத் தராசில் வைத்தால் தெரியும்.

2. காய்ச்சுவது. கால் லிட்டரை மெல்லிய தீயில் வற்ற விட்டால் 30 கிராம் அளவுக்குக் கெட்டிப் பாகு நிற்க வேண்டும். தண்ணீர் கலந்ததில் பாதிதான் நிற்கும், அதுவும் சாக்கரின் செறிந்து கசக்கும்.

3. பிசுபிசுப்பு. விரலில் தொட்டுக் காயவிட்டால் நல்ல அக்கானி ஒட்டும். சாக்கரின் தண்ணீர் ஒட்டாது.

4. நாக்கு. விழுங்கியபின் ஒரு நிமிடம் பேசாமல் இருந்து, அடிநாக்கைக் கவனிக்க வேண்டும். கசந்தால் சந்தேகப்படலாம். கசக்காவிட்டால் அதற்காக நம்பிவிட வேண்டாம்.

இந்தச் சோதனைகளுக்கு ஓர் ஓட்டை உண்டு. சாக்கரினுக்குப் பதில் வெள்ளைச் சீனியையே கரைத்து ஊற்றியிருந்தால் எடையும் சரியாக இருக்கும், பாகும் நிற்கும், விரலும் ஒட்டும். அதைப் பிரித்தறிய ஆய்வகம்தான் வேண்டும்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்குகிற யாரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: வாங்கும்போதே, சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். குமரி மாவட்டத்துக்குப் பக்கத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையில் இருக்கிறது. அக்கானி சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். ஆகவே பாட்டிலை ஐஸில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும், தாமதமானால் மாதிரியில் இருந்த சீனியை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும்.